வாடகை அறைக்கு எட்டாத உதவிகள்: கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் வாடகைதாரரின் உரிமைகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைச் சுற்றிலும், தேர்வாய் கண்டிகையிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஆலைகள் எழுந்த இடமெல்லாம் கூடவே எழுந்தவை லைன் வீடுகள். ஒரே நீளக் கட்டடத்தில் வரிசையாகப் பல அறைகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்க் குழாயும், உரிமையாளர் பேரில் ஒரு மின் இணைப்பும் இருக்கும். இவ்வறைகளில் குடியிருப்போரில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுள் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தோரும் கணிசமானவர்கள். திருவள்ளூர் மாவட்ட மக்கள் தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 22 விழுக்காடு என்கிறது 2011 கணக்கெடுப்பு.

இம்மக்களுக்கென அரசு அறிவித்த உதவிகள் குறைவல்ல. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை மின் இணைப்பு எண்ணையோ, பட்டாவையோ, குடும்ப அட்டையின் முகவரியையோ பிடித்துக்கொண்டு வருகின்றன. அறைக்குள் வாழும் மனிதரைத் தேடி வருவதில்லை. நிலமும் வீடும் இல்லாதவருக்கு உதவி போய்ச் சேராமல் இடையில் நிற்பதற்கு இதுவே முதற்காரணம். எந்த உதவி எங்கே நிற்கிறது, சட்டத்தைக் கொண்டு அதை எப்படிக் கேட்டுப் பெறுவது என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

நிலமிழந்து வாடகைக்கு வந்த கதை

இப்பகுதியில் வாடகைப் பிரச்சினையை நிலப் பிரச்சினையிலிருந்து பிரித்துப் பேச இயலாது. தேர்வாய் கண்டிகை, தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் சிற்றூர். அவ்வூரார் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் நம்பியிருந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பொது நிலம் சிப்காட் பூங்காவுக்காக எடுக்கப்பட்டது. பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலின் அங்கு ஆலை அமைக்க 2009-இல் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. மக்கள் போராடினர். 2012-இல் பிரான்சு நாட்டுத் தொழிற்சங்கமும் தன்னார்வ அமைப்புகளும் ஊர்ச் சங்கத்துடன் சேர்ந்து, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் பிரெஞ்சுத் தொடர்பு மையத்தில் முறையிட்டன.

அதே பகுதியில் கட்டப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பர் 21-இல் திறக்கப்பட்டது. சென்னையின் குடிநீருக்காக அமைந்த ஐந்தாவது நீர்த்தேக்கம் அது. நிலம் தொழிற்சாலைக்கும் நீர் மாநகருக்கும் சென்ற பகுதியில் கூலிக்கு வருவோரும் உள்ளூரில் நிலமிழந்தோரும் வாடகை அறைக்கும் கேன் தண்ணீருக்கும் காசு கொடுக்கின்றனர். எனவே வாடகை உதவி கேட்பதைச் சலுகை கேட்பதாக நாம் கருதவில்லை.

வாடகைப் பணத்துக்கு உதவி உண்டா?

வாடகை கட்ட இயலாத குடும்பத்தின் சார்பில் வீட்டு உரிமையாளருக்குப் பணம் செலுத்தும் பொதுத்திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் தன் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டும்போது, வெளியேறும் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை தருகிறது. அது வாரியக் குடியிருப்பாளருக்கு மட்டுமே உரியது. லைன் வீட்டுத் தொழிலாளிக்குப் பொருந்தாது.

பொதுமுடக்கக் காலத்தில் இவ்வெற்றிடம் வெளிச்சத்துக்கு வந்தது. 2020 மார்ச் 29-இல் ஒன்றிய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை பிறப்பித்தது. வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்றும், தொழிலாளர்களையும் மாணவர்களையும் வெளியேற்றினால் நடவடிக்கை பாயும் என்றும் அது கூறியது. ஆனால் அந்த வாடகையை யார் ஈடு செய்வது என்பதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை. மே மாதத்தில் வந்த புதிய ஆணை பழைய ஆணைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அதே மார்ச் 29 அன்று டெல்லி முதலமைச்சர், ஏழை வாடகைதாரரால் வாடகை கொடுக்க முடியாவிட்டால் அரசு கொடுக்கும் என்று செய்தியாளர்களிடம் அறிவித்தார். அறிவிப்பு நிறைவேறாத நிலையில் வாடகைதாரர்கள் வழக்குத் தொடுத்தனர். முதலமைச்சர் அளித்த வாக்குறுதி சட்டப்படி செயல்படுத்தத்தக்கது என்றும், ஆறு வாரங்களுக்குள் அரசு முடிவெடுக்க வேண்டும் என்றும் 2021 ஜூலை 22-இல் டெல்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. வாடகை உதவியை நீதிமன்றத்தின் வழியாக மட்டும் பெற இயலாது, சட்டமோ நிதி ஒதுக்கீடோ வேண்டும் என்பதே இதன் பாடம்.

அதே காலத்தில் அமெரிக்க ஒன்றிய அரசு, வாடகை நிலுவைக்கும் மின்சாரம், எரிவாயு, தண்ணீர்க் கட்டண நிலுவைக்கும் சேர்த்து இரு தவணைகளில் 4,655 கோடி டாலர் ஒதுக்கியது. அங்கும் பணம் சேர்வதில் தாமதங்கள் இருந்தன. எனினும் வாடகை நிலுவை என்பது அரசு நிதி ஒதுக்கித் தீர்க்கவேண்டிய ஒரு செலவு என்ற கொள்கை ஏற்கப்பட்டது. இங்கே அக்கொள்கை இன்னும் ஏற்கப்படவில்லை.

நூறு யூனிட் யாருக்கு?

2016 மே 23-இல் அறிவிக்கப்பட்டது முதல், தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 'இணைப்புக்கு' என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். ஒரே இணைப்பில் எத்தனை குடும்பங்கள் இருந்தாலும் இலவசம் 100 யூனிட் மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து அறைகள் கொண்ட லைன் வீடு. ஒவ்வோர் அறையும் இரு மாதங்களில் 60 யூனிட் செலவழிக்கிறது. தனித்தனி இணைப்பு இருந்தால் பத்துக் குடும்பங்களும் கட்ட வேண்டிய தொகை சுழியம். ஒரே இணைப்பு என்றால் மொத்தம் 600 யூனிட். அதில் 100 போக மீதிக்குக் கட்டணம் உண்டு. அத்துடன் 500 யூனிட்டைத் தாண்டிய இணைப்புக்குக் குறைந்த பயன்பாட்டாளருக்குரிய மலிவு விகிதங்களும் கிடையாது. உரிமையாளர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வசூலித்தால் ஓர் அறைக்கு 600 ரூபாய். ஆண்டுக்கு 3,600 ரூபாய். ஒன்றும் கட்ட வேண்டாத குடும்பம் 3,600 ரூபாய் கட்டுகிறது. அரசு மானியமோ கட்டடத்தின் உரிமையாளர் பேரில் கணக்கில் ஏறுகிறது.

மின்கட்டண விகிதத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். உரிமமின்றி மின்சாரத்தை வணிகமாக விற்க 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 12ஆவது பிரிவு எவரையும் அனுமதிப்பதில்லை. தன் விருப்பப்படி விகிதம் வைத்து வசூலிக்கும் அதிகாரம் வீட்டு உரிமையாளருக்குச் சட்டத்தில் எங்கும் தரப்படவில்லை.

வாடகைதாரர் தம் பேரிலேயே இணைப்புக் கேட்கலாம்

இது பலருக்கும் தெரியாத உரிமை. மின்சாரச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, ஒரு கட்டடத்தின் 'உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்' விண்ணப்பித்தால் இணைப்பு வழங்க வேண்டியது மின் பகிர்மான நிறுவனத்தின் கடமை என்கிறது. குடியிருப்பவர் என்ற சொல் வாடகைதாரரையும் உள்ளடக்கும். 2022 மே மாதத்தில் திலிப் எதிர் சதீஷ் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: மின்சாரம் அடிப்படை வசதி, உரிமையாளர் தடையின்மைச் சான்று தர மறுக்கிறார் என்ற காரணத்தைக் காட்டி வாடகைதாரருக்கு மின்சாரம் மறுக்கக் கூடாது, விண்ணப்பதாரர் அங்கே குடியிருக்கிறாரா என்பதைத்தான் அதிகாரிகள் பார்க்க வேண்டும்.

தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பு, 2004-இன் 27ஆவது ஒழுங்குமுறையும் இதற்கு வழி வைத்திருக்கிறது. உரிமையாளர் சம்மதக் கடிதம் தர மறுத்தால், சட்டப்படி அங்கே குடியிருப்பதற்கான சான்றையும் ஈட்டுறுதிப் பத்திரத்தையும் கொடுத்து, காப்புத் தொகையை இரு மடங்காகச் செலுத்தி இணைப்புக் கேட்கலாம். ஒரே கதவிலக்கத்தில் பல குடும்பங்கள் இருந்தால், ஒவ்வொரு பகுதியும் நிரந்தரமாகச் சுவரால் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. தனித்தனிக் கதவுடைய லைன் வீட்டு அறைகள் பெரும்பாலும் இந்நிபந்தனைக்குள் அடங்கும். ஒரே கூடத்தில் பலர் தங்கும் கொட்டகைகள் அடங்கா.

நடைமுறையில் எழும் தடைகளை நாம் அறிவோம். இரு மடங்குக் காப்புத் தொகை ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சுமை. விண்ணப்பித்த மறுவாரமே அறையைக் காலி செய்யச் சொல்லும் உரிமையாளர்களும் உண்டு. எனவே தனியொருவர் விண்ணப்பிப்பதைவிட ஒரு வரிசையில் இருக்கும் எல்லாக் குடும்பங்களும் ஒரே நாளில் விண்ணப்பிப்பது நல்லது. விண்ணப்ப எண்ணையும் ஒப்புகையையும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாக மறுத்தால், மறுப்பை எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும்.

வாடகைதாரரை மின்துறை அறியவே அறியாது என்ற வாதமும் இன்று செல்லாது. 2022 நவம்பரில் தொடங்கி 2023 பிப்ரவரி வரை மின் இணைப்புடன் ஆதார் எண்ணை இணைத்தபோது, இணைப்பவர் உரிமையாளரா வாடகைதாரரா என்று கேட்டே பதிவு நடந்தது. வாடகைதாரர் எனத் தெரிவு செய்து இணைத்தவர்கள் அதற்கான ஒப்புகையைக் குடியிருப்புச் சான்றுகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம்.

மகளிர் உரிமைத் தொகையும் 3,600 யூனிட் வரம்பும்

கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் என்பது லைன் வீட்டு அறையின் வாடகையில் ஒரு பங்கை அடைக்கக்கூடிய தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பது, நன்செய் ஐந்து ஏக்கருக்கும் புன்செய் பத்து ஏக்கருக்கும் மிகாதிருப்பது ஆகியவற்றுடன், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அதன் தகுதி விதி.

மேலே சொன்ன பத்து அறைக் கணக்கை மீண்டும் பாருங்கள். இரு மாதங்களுக்கு 600 யூனிட் என்றால் ஆண்டுக்கு 3,600. ஓர் அறையின் பயன்பாடு 360 யூனிட் மட்டுமே. ஆனால் இணைப்பு எண்ணைப் பார்க்கும் கணினிக்கு 3,600 யூனிட் தெரியும். வசதி படைத்தோரை விலக்க வைத்த விதி, பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் பெண்ணை விலக்கிவிடக் கூடும். இக்காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், 30 நாள்களுக்குள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இ-சேவை மையம் வழியாக மேல்முறையீடு செய்யலாம். அம்மனுவில் ஒரே இணைப்பில் எத்தனை குடும்பங்கள் உள்ளன என்பதைக் குறிப்பிட்டு, சப் மீட்டர் அளவு, வாடகை ரசீது, அண்டை அறைக் குடும்பங்களின் குடும்ப அட்டை நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் நேரடிக் கள ஆய்வையும் கோர வேண்டும்.

குடிசை இணைப்பு, எரிவாயு, உணவுப் பொருள்

ஊராட்சிப் பகுதிகளில் உள்ள குடிசைகளுக்கும், தாட்கோ போன்ற அமைப்புகள் கட்டித் தந்த வீடுகளுக்கும் தனிக் கட்டணப் பிரிவு உண்டு. அதன் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 250 சதுர அடிக்கு மிகாத, மண் சுவரும் கூரையோ ஓடோ தகரமோ வேய்ந்த மேற்பகுதியும் உடைய வீடு குடிசை எனப்படும். இம்மாவட்டத்து இருளர் குடியிருப்புகளில் பட்டா இல்லை என்று சொல்லி இணைப்பு மறுக்கப்படும்போது, குடியிருப்பவர் என்ற 43ஆவது பிரிவின் சொல்லையே மனுவில் முன்வைக்க வேண்டும்.

உஜ்வலா திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் குடும்ப அட்டையோ முகவரிச் சான்றோ இன்றித் தன்னுறுதிமொழி கொடுத்தே எரிவாயு இணைப்புப் பெறலாம் என்பது இதன் சிறப்பு. 2023 அக்டோபரில் இத்திட்டப் பயனாளிக்கு உருளை ஒன்றுக்கான மானியம் 300 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வேறு உதவிகள் முகவரியைக் கேட்டுத் தடுக்கும் இடத்தில், இந்த ஒரு திட்டம் குடியிருப்பவரின் சொல்லை நம்புகிறது. மற்றத் திட்டங்களுக்கு இதை முன்மாதிரியாகக் காட்டலாம்.

தமிழ்நாடு 2020 அக்டோபர் 1-இல் 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' முறையில் சேர்ந்தது. பிற மாநிலத்துத் தொழிலாளர் தம் மாநில அட்டையைக் கொண்டு இங்குள்ள நியாயவிலைக் கடையில் உணவு தானியம் பெறலாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் எந்தக் கடையிலும் அரிசி வாங்கலாம். அட்டை சொந்த ஊரில் இருக்கிறது என்று திருப்பி அனுப்புவது தவறு. அரிசிக்குச் செல்லும் காசு மிஞ்சினால் அது வாடகைக்கு உதவும்.

வாடகை ஒப்பந்தமும் முன்பணமும்

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017 என்னும் சட்டம் 2019 பிப்ரவரி 22-இல் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவரை முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையா வசதிகளை உரிமையாளர் துண்டிக்கக் கூடாது. துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் முறையிட்டு, விசாரணை முடியும் முன்பே வசதியை மீட்டுத்தரும் இடைக்கால ஆணை கேட்கலாம். தம் பகுதிக்குரிய வாடகை அதிகாரி யார் என்பதைத் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறிவது முதற்படி.

வாடகை பாக்கி இருப்பதனாலேயே ஃபியூஸைப் பிடுங்கும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. மின்கட்டணம் கட்டாத நிலையில் மின்வாரியமே துண்டிப்பதானாலும், 56ஆவது பிரிவின்படி 15 முழு நாள்கள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

எழுத்து ஒப்பந்தம் இல்லாதவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்லர். கைப்பேசி வழியாக வாடகை அனுப்பிய பதிவு, எரிவாயு ரசீது, குழந்தையின் பள்ளிச் சேர்க்கைப் பதிவு, ஆலையின் அடையாள அட்டையில் உள்ள முகவரி, காவல் நிலையத்தில் கொடுத்த வாடகைதாரர் விவரப் படிவம் ஆகிய ஒவ்வொன்றும் குடியிருப்புக்குச் சான்று. வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியே செலுத்துவதும், ரொக்கமாகக் கொடுத்தால் சிறு நோட்டிலாவது கையொப்பம் வாங்குவதும் பின்னாளில் கைகொடுக்கும்.

ஒப்பந்ததாரர் தரும் அறை

உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் வேலை செய்யும் பலருக்கு ஒப்பந்ததாரரே தங்குமிடம் தருகிறார். நிறுவனம் தன் பணியாளருக்குப் பணி ஒப்பந்தத்தின் பகுதியாக வாடகைக்குத் தரும் சொந்தக் கட்டடத்துக்கு 2017 சட்டம் பொருந்தாது. அங்கே தொழிலாளர் சட்டமே துணை. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், தகுந்த தங்குமிடத்தையும் இடப்பெயர்வுப் படியையும் பயணப் படியையும் ஒப்பந்ததாரரின் கடமையாக்கியிருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அச்சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. பயணப் படி தொடர்கிறது. இடப்பெயர்வுப் படி மறைந்துவிட்டது. வாடகைக்கு மிக அருகில் வந்த ஒரே சட்டப்பூர்வ உதவி இவ்வாறு சத்தமின்றி நீங்கியதை நாம் கவனப்படுத்த விரும்புகிறோம்.

தங்குமிடத்துக்காகக் கூலியில் பிடித்தம் செய்வதற்கு வரம்பு உண்டு. ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவின்படி எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. ஊதியச் சீட்டில் 'அறை', 'கரண்ட்' என்ற பெயர்களில் எவ்வளவு பிடிக்கப்படுகிறது என்பதைத் தொழிலாளர் கேட்டுப் பெற வேண்டும். சீட்டே தராத இடத்தில் தொழிலாளர் துறை அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாக முறையிடலாம்.

சாதி கேட்டு வீடு மறுத்தால்

அண்ணல் அம்பேத்கர் 1917-இல் பரோடா சமஸ்தானத்துப் பணிக்குச் சென்றபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. தங்கிய பார்சி விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். நூறாண்டு கடந்த பின்னும் 'எந்தத் தெரு?', 'சொந்த ஊர் எது?' என்ற கேள்விகளால் அதே வேலை நடக்கிறது. 2017 வாடகைச் சட்டத்தில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் விதி ஒன்றுகூட இல்லை. ஆனால் வேறு சட்டங்கள் உள்ளன.

முதலாவது, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955. தீண்டாமையின் காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டைக் கட்டுவதையோ பெறுவதையோ அதில் குடியிருப்பதையோ தடுப்பது அதன் 4ஆவது பிரிவின்கீழ் குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் எனில், அச்செயல் தீண்டாமையின் காரணமாகவே நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 12ஆவது பிரிவு கூறுகிறது. இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு எதிரிக்குரியது. இவ்வளவு வலுவான விதியை வீடு மறுப்பு வழக்குகளில் நம் வழக்கறிஞர்களே போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது. வழக்கமான வணிகத்தில் செய்யப்படும் ஒன்றை வழக்கமான நிபந்தனைகளில் செய்ய மறுப்பதும் அதன் வரையறைக்குள் வரும். வாடகைக்கு விடுவதாக அறிவித்த அறையைச் சாதி தெரிந்ததும் மறுப்பது இவ்வரையறைக்குள் அடங்கும் என்று நாம் வாதிட வேண்டும். குடியிருக்கும் இடத்தைவிட்டு வெளியேறச் செய்வதும், வீட்டின் மீதோ தண்ணீரின் மீதோ உள்ள உரிமையை அனுபவிக்க விடாமல் தடுப்பதும், பொதுப் பார்வைக்குரிய இடத்தில் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதும் தனித்தனிக் குற்றங்கள். முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்று 18அ பிரிவு கூறுகிறது. விதிகளின் 12ஆவது விதிப்படி உணவு, நீர், உடை, தங்குமிடம் உள்ளிட்ட உடனடி நிவாரணம் ஏழு நாள்களுக்குள் வழங்கப்பட வேண்டும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட தலித் குடும்பம் தங்குமிடம் கேட்டுப் பெறச் சட்டம் நேரடியாக வழி வைத்திருப்பது இங்கேதான்.

மூன்றாவது, அரசமைப்பின் 15(2) உறுப்பு. அதில் வரும் 'கடை' என்ற சொல் பொருளோ சேவையோ வழங்கும் எவரையும் குறிக்கும் விரிந்த பொருளுடையது என்று 2011-இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. அரசமைப்பு நிர்ணய சபையில் அம்பேத்கர் அளித்த விளக்கமே அதற்கு அடிப்படை.

பிற மாநிலத்துப் பட்டியல் சாதியினர் குறித்து ஒரு தெளிவு தேவை. ஒடிசாவிலோ பீகாரிலோ பெற்ற சாதிச் சான்றைக் கொண்டு தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர் நலத்திட்டங்களைப் பெற இயலாது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு மாநில எல்லையோடு முடிவதில்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. அத்தீர்ப்பை இங்கும் முன்வைக்கலாம்.

எங்கே முறையிடுவது?

மின் இணைப்பு, மின்கட்டணம் பற்றிய புகாருக்கு மின்னகம் உதவி மையம்: 94987 94987. அங்கே தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்திலுள்ள நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அதன்பின் மின் குறைதீர்ப்பாளருக்கும் மனுச் செய்யலாம். வன்கொடுமைப் புகாருக்குத் தேசிய உதவி எண் 14566. இலவசச் சட்ட உதவிக்கு 15100. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவு உரிமை தருகிறது. திருவள்ளூரிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எளிய விண்ணப்பம் ஒன்றே போதும்.

எந்த அலுவலகத்துக்குச் சென்றாலும் மனுவை இரு படிகளாக எடுத்துச் சென்று, ஒன்றில் தேதியிட்ட முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கும் எண் உண்டு. அதைக் குறித்து வையுங்கள்.

அரசு செய்ய வேண்டியவை

இவை எட்டாக் கனிகள் அல்ல. பிற மாநிலங்கள் செய்து காட்டியவை. டெல்லி அரசு 2019 செப்டம்பரில் வாடகைதாரர்களுக்கென முன்கட்டண மீட்டர் திட்டத்தைத் தொடங்கியது. உரிமையாளரின் சம்மதம் இன்றி, வாடகை ஒப்பந்தமோ ரசீதோ காட்டித் தனி மீட்டரும் மின் மானியமும் பெறலாம். கர்நாடகத்தின் கிருக ஜோதி திட்டம் 2023-இல் தொடங்கியபோதே வாடகைதாரரையும் பயனாளியாகச் சேர்த்துக்கொண்டது.

தமிழ்நாடு அரசிடம் நாம் கோருவன ஐந்து. லைன் வீட்டுக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் சேரும் வகையில், வாடகைதாரருக்கான தனி மீட்டரை இரு மடங்குக் காப்புத் தொகையின்றி வழங்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கான 3,600 யூனிட் வரம்பை, பல குடும்பங்கள் பகிரும் இணைப்புகளுக்குப் பொருத்தக் கூடாது. 2017 வாடகைச் சட்டத்தில் சாதி, மதப் பாகுபாட்டைத் தடுக்கும் விதியைச் சேர்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதைப் போன்ற வாடகைக் குடியிருப்பை ஒப்பந்தத் தொழிலாளருக்கும் குடும்பங்களுக்கும் உரியதாகக் கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் கட்டி, நிலமிழந்த ஊராருக்கு முன்னுரிமை தர வேண்டும். ஐந்தாவதாக, ஆலை மூடலாலோ விபத்தாலோ வேலையிழந்த பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களின் மூன்று மாத வாடகையையும் மின்கட்டண நிலுவையையும் ஏற்கும் நிதியம் ஒன்றை, 2024-இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியிலிருந்து உருவாக்க வேண்டும்.

இவை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 43ஆவது பிரிவின் கீழான மின் இணைப்பு விண்ணப்பத்தை நாளையே கொடுக்கலாம். ஒரு வரிசை வீடுகளிலிருந்து பத்து விண்ணப்பங்கள் ஒரே நாளில் மின்வாரிய அலுவலகத்துக்குச் சென்றால், அவற்றை ஏற்பதும் மறுப்பதும் எழுத்தில் பதிவாகும். மறுத்தால் அந்த எழுத்தையே அடிப்படையாகக் கொண்டு குறைதீர் மன்றத்துக்குச் செல்லலாம்.